எட்டும் இடது கால்

அவள் வெள்ளரிக்காயை முறிக்கப் போன நேரத்தில்தான் நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது.

வெள்ளரிக்காய் தின்பதற்கு அல்ல. ஒரு வீடியோ கேமில் ஒருவன் மாடிப்படியில் உருண்டு விழ வேண்டும், விழுந்தவனின் மணிக்கட்டு முறிய வேண்டும். நிஜ எலும்பின் சத்தத்தைப் பிடித்துப் போட்டால் சப்பென்று இருக்கும், ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஈரத்துணியில் சுற்றிய வெள்ளரிக்காயை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து முறித்தாலோ, கேட்கிறவர் தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வார். அசலைவிடப் போலிக்கு மவுசு அதிகமாக இருக்கிற தொழில்கள் உலகத்தில் நாலைந்து உண்டு. அவளுடையது அதில் ஒன்று. புருஷன் வீட்டில் அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர். சத்தம் போடுகிற பெண்ணுக்கு ஊரில் திட்டுதான் கிடைக்கும், இவளுக்குச் சம்பளம் கிடைக்கிறதே என்று நாத்தனார் கல்யாணமான வருஷத்தில் சொன்ன கேலி, அப்படியே ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி. வீட்டின் மிகச் சின்ன அறை அது. ஜன்னலை ஒரு பழைய மெத்தை அடைத்திருந்தது. நாலு சுவரிலும் கம்பளிகள் தொங்கின. கதவின் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தினால் உலகம் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். அன்றைக்குக் காற்று வரட்டும் என்று பாதி திறந்து வைத்திருந்தாள். அந்தப் பாதி வழியாகத்தான் வந்தது சத்தம். படுக்கையறை வாசலில் ஆரம்பித்து, சமையலறை வாசலில் முடிந்தது. எட்டு அடி.

எட்டு அடி என்றால் அவள் புருஷன் மருந்துக்கடைக்காரர்தான். அவள் காலுக்கு அந்தத் தூரம் பதினொன்று.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

பதில் இல்லை. அவருக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் மூன்று மணி வரை வேலை. அவள் வெள்ளரிக்காயைக் கீழே வைத்தாள். ஏதோ ஒன்று காதுக்குள் நெருடியது, சோற்றில் கல் போல. கேட்ட சத்தத்தை மனசுக்குள் மறுபடி ஓட விட்டுப் பார்த்தாள்; அது அவளுக்குக் கைவந்த கலை. செருப்பு தரையில் விழுகிற 'தப்'. அதன் பின்னால் குதிகால் இழுபடுகிற மெல்லிய 'ஸ்ர்ர்'. கடைசியில் ரப்பர் தரையை விட்டுப் பிரிகிற 'கிச்'.

இழுவை அவருடைய இடது காலில் மட்டும்தான் உண்டு. பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால். வலது கால் 'தப்' என்று விழும், அத்தோடு சரி. ஆனால் இப்போது கேட்ட எட்டும் இழுத்தன. எட்டும் கிச்சென்று முடிந்தன. எட்டும் இடது கால்.

எழுந்து போய்ப் பார்த்தாள். நடைவழியில் வெயில் ஒரு நீளக் கோடாகக் கிடந்தது. வாசலில் அவருடைய செருப்பு இல்லை. சமையலறையில் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நடைவழியின் நடுவில் அவள் மூன்று நாளாக வைத்திருந்த ஒலிபெருக்கி நின்றது. அட, இதுதானா என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள். நிறுத்த மறந்திருப்பேன், அதுதான் தன்பாட்டுக்குப் பாடுகிறது. குனிந்து பார்த்தபோது அதன் ஒயர் பிடுங்கிச் சுருட்டப்பட்டு அதன் தலைமேலேயே இருந்தது. நேற்று சாயங்காலம் அவளே சுருட்டி வைத்தது.

அந்த ஒலிபெருக்கியின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் வேலை செய்த அந்த விளையாட்டில் திரை முழுக்கக் கருப்பு. விளையாடுகிறவர் ஓர் இருட்டு வீட்டில் மாட்டிக்கொண்டவர். காதை மட்டும் நம்பி வெளியே வர வேண்டும். பின்னாலேயே ஒருவன் நடந்து வருவான். அவ்வளவுதான் விளையாட்டு. மற்ற விளையாட்டுகளில் சத்தம் ஊறுகாய் மாதிரி. இதில் சத்தம்தான் சாப்பாடு. பின்னால் நடக்கிறவனுக்குக் கால் வேண்டும் என்றபோது அவள் வேறெங்கும் தேடவில்லை. வீட்டிலேயே இரண்டு கால் சும்மா நடந்துகொண்டிருந்ததே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரரை நிற்க வைத்து, நடக்க வைத்து, இடது காலடி ஒன்றைப் பிடித்தாள். அபாரமான அடி. இழுவையும் கிச்சும் சேர்ந்து, ஒரே அடியில் ஒரு ஆள் முழுசாகத் தெரிந்தான். கம்பளி அறையில் பிடித்த சத்தம் வறண்டு இருக்கும், அதற்கு வீட்டின் எதிரொலி வேண்டும். அதற்கு அவள் தொழிலில் ஒரு வழி உண்டு: சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, நிஜ நடைவழியில் ஒலிக்க விட்டு, அந்தக் கோடியில் இன்னொரு மைக்கை வைத்து மறுபடி பிடிப்பது. மைக்கை அங்கே வைத்து, இங்கே வைத்து, சுவர்ப்பக்கம் திருப்பி, மூன்று நாளில் அந்த ஒற்றை அடியை நடைவழிக்கு ஆயிரம் தடவையாவது ஒலிக்க விட்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

அதில் ஒரு தப்பும் செய்திருந்தாள். தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வதே, ஒரே காலடியைத் திருப்பித் திருப்பிப் போடாதே என்பதுதான். மனுஷன் ஒரு அடி வைத்த மாதிரி மறு அடி வைப்பதில்லை; ஒவ்வொரு காலுக்கும் ஐந்தாறு விதமாவது பிடித்துக் கலைத்துப் போட வேண்டும். மற்றதை அப்புறம் பிடிக்கலாம் என்று இந்த ஒன்றை மட்டும் தற்காலிகமாக வைத்தாள், வைத்ததை மறந்துபோனாள். விளையாடிப் பார்க்கிற பெண் அன்று காலைதான் எழுதி அனுப்பியிருந்தாள்: பின்னால் வருகிறவனுக்கு ஒரே காலா, நொண்டி விளையாடுகிறானா?

படித்தபோது சிரித்தாள். இப்போது நடைவழியில் நின்று அதை நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

திரும்பி அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்தாள். ஈரத்துணியை மடித்தாள், பிரித்தாள். மேல்வீட்டு ஆளாக இருக்கும். கான்கிரீட் பொல்லாதது, எங்கோ நடப்பதை இங்கே கொண்டுவந்து கொட்டும் என்று தனக்குத் தானே சரக்கை விற்றுப் பார்த்தாள். வாங்க மனம் வரவில்லை. அப்போது மறுபடி. தப்-ஸ்ர்ர்-கிச். தப்-ஸ்ர்ர்-கிச். எட்டு.

சத்தங்களோடு பேசுவது அவள் வழக்கம். கதவு சரியாகக் கிறீச்சிடாவிட்டால் கதவைத் திட்டுவாள். மழை தகர டப்பா மாதிரி கேட்டால் மழையைத் திட்டுவாள். பயத்தில் வாய் பழக்கத்துக்குப் போயிற்று.

"ஒத்தக் கால்ல நடந்தா யாரு நம்புவா? வலது காலும் வேணும்."

வீடு அமைதியானது. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். அதுவும் நின்ற மாதிரி இருந்தது.

பிறகு நடைவழியில், மெதுவாக, புதுச் செருப்பைப் போட்டுப் பார்க்கிறவர் வைக்கிற மாதிரி:

தப்.

தப்-ஸ்ர்ர்-கிச்.

தப்.

மருந்துக்கடைக்காரர் மூன்றரைக்கு வந்து மணி அடித்தபோது அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அவரைப் படியில் இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். அவரும் ஏறினார். வேடிக்கையாக இருந்தது அவருக்கு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தூக்கம் குறைந்தால் காது தன்பாட்டுக்குச் சத்தம் உற்பத்தி பண்ணும், கவுண்டரில் அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது என்றார். தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னார். அவர் இருந்தவரை எதுவும் நடக்கவும் இல்லை. ராத்திரி முழுக்க அவள் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் வருகிறாரா, வேறெதாவது வருகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்லத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். இன்றைக்குச் சொல்ல முடிந்தது, அது தப்பாக நடந்ததால். சரியாக நடந்தால்?

வெள்ளிக்கிழமை பகலில் கம்பெனியிலிருந்து புதிதாகச் சேர்ந்த புரோகிராமர் போன் செய்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். பின்னால் வருகிறவனின் நடையை எப்படிச் சரிசெய்வது, அடிப்படையிலிருந்து சொல்லுங்கள் அக்கா என்றார். பேச ஆள் கிடைத்ததில் அவளுக்குப் பெரிய நிம்மதி. மனிதக் குரல் காதில் இருக்கிறபோது வேறெதுவும் கேட்காதல்லவா. ஓரிடத்தில் நின்று போன் பேசுகிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே நாற்பது நிமிஷம் சொல்லிக்கொடுத்தாள்.

தரை மாறினால் அடி மாற வேண்டும், மரத்துக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று. திரும்புகிறபோது உடம்பின் பாரம் ஒரு காலில் தங்கும், அந்த அடி சற்றுக் கனக்கும். காலை மட்டும் போட்டால் கால்தான் நடக்கும், ஆள் நடக்க மாட்டான். துணி உரசல் வேண்டும், சட்டைப்பையில் சாவி வேண்டும், நாலு அடிக்கு ஒரு தரம் மூச்சு வேண்டும். வீட்டு ஆள் என்றால் தொண்டையைச் செருமுவான். தூரத்தில் இருக்கிறபோது சத்தம் மங்க வேண்டும், கதவுக்குப் பின்னால் என்றால் மூடிக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் வாயால் செய்தும் காட்டினாள். தன் புருஷனின் செருமலைக்கூட.

புரோகிராமருக்கு இன்னொரு தொல்லை இருந்தது. ஒரே கதவின் கிறீச்சு இரண்டு இடத்திலிருந்து வருகிறதாம்.

"சத்தத்தை எப்பவும் ஒரு பொருள்ல கட்டிப் போடணுங்க," என்றாள் அவள். "ஒரே சத்தம் ரெண்டு இடத்துல இருந்தா குட்டு வெளிப்பட்டுடும். புதுசுல மாட்டினீங்கன்னா பழசுலேருந்து கழட்டிடணும். அதை மறந்துடாதீங்க."

நன்றி அக்கா என்று அவர் போனை வைத்தார். காதிலிருந்து போனை எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாற்பது நிமிஷமும் அந்த நடைவழியில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. குழாய் சொட்டவில்லை. மேல்வீட்டில் நாற்காலி நகரவில்லை. தெருவில் வண்டி ஓடவில்லை. வகுப்பில் எல்லோரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியான அமைதி. வெயில் கோட்டின்மேல் நின்றபடி அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எதுவும் இருக்காது என்று தெரியும். அதுதான் பயம்.

ஒயர் வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வெளியே கிளம்பினாள். கடைத்தெருவில் வேண்டாததையெல்லாம் விலை கேட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினாள். திரும்பி வந்தபோது மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்தார், நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டு. எப்போது வெளியே போனாய் என்று கேட்டார். மத்தியானமே என்றாள்.

அவர் பேப்பரை இறக்கினார்.

"விளையாடாதே. இப்ப வரைக்கும் சமையலறையில போன்ல பேசிட்டிருந்தியே. துணி உரசணும், சாவி வேணும்னு."

இரண்டு பேரும் சமையலறையைப் பார்த்தார்கள். விளக்குப் போட்டுத்தான் இருந்தது. காலியாகத்தான் இருந்தது. அவர் மாத்திரைப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. நாளைக்கு வேலையை முடித்து அனுப்பிவிடு, இரண்டு நாள் அக்கா வீட்டில் போய் இருந்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது குரலைத் தணித்துக்கொண்டார், யாரோ தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. பைகள் வாசலில் கட்டித் தயாராக இருந்தன. சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டு குவளைத் தேநீரோடு அவர் கம்பளி அறைக்குள் வந்து, முதுகால் கதவைத் தள்ளிச் சாத்தினார். ரப்பர் பட்டை கவ்விக்கொண்டது. வெளியுலகம் அறுந்தது. எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார். மைக் திறந்திருந்தது, திரையில் சத்தத்தின் அளவு காட்டுகிற பச்சைக் கோடு, அவர் தேநீர் உறிஞ்சுகிறபோதெல்லாம் துள்ளித் துள்ளி இறங்கியது.

"இன்னும் எவ்வளவு?"

"ஒரு கதவு, ரெண்டு படி. அரை மணி நேரம்."

"அனுப்பிட்டா அந்த ஆளும் கூடவே கிளம்பிடுவான் இல்ல?"

கேலியாகத்தான் கேட்டார். கண் கேலி பண்ணவில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

படுக்கையறைக் கதவு திறக்கிற சத்தம்.

ஒரு மனுஷன் வெளியே வருகிற சத்தம். தப். தப்-ஸ்ர்ர். இந்த முறை கிச் இல்லை. அடுத்ததற்கு மெல்ல இருந்தது. அதற்கடுத்தது வேறு மாதிரி. வேட்டி உரசியது. சாவி குலுங்கியது. நாலாவது அடியில் மூச்சு. தடித்த கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதால் எல்லாம் மங்கி, மூடி, எவ்வளவு மங்க வேண்டுமோ அவ்வளவே மங்கி. அவள் காது தப்புத் தேடியது. வெறிபிடித்த மாதிரி தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்புகிற அடி சற்றுக் கனத்தது. பிறகு, செருமல்.

இந்த முறை மருந்துக்கடைக்காரருக்கும் அது கேட்டது. தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அது நான்," என்றார். "அது நான்தானே?"

குவளையை மேஜைமேல் வைத்தார்.

சத்தம் வரவில்லை.

பீங்கான் குவளை. மர மேஜை. வைத்த வேகத்தில் தேநீர் தளும்பியது. சத்தம் இல்லை. அவர் கையைப் பார்த்தார். மறுபடி தட்டினார். இல்லை. துள்ளி எழுந்தார், முக்காலி பின்னால் சாய்ந்து தரையில் விழுந்து உருண்டது, பஞ்சு விழுந்த மாதிரி. வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

கதவுக்கு வெளியே அவருடைய குரல் கேட்டது. சாவதானமாக, நல்ல மனநிலையில்.

"சத்தக்காரி. தேநீர் ஆறுது பாரு. வெளிய வா."

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, காலைக் கதவில் ஊன்றி, திறக்க விடாமல் தொங்கினார். அந்தப் பக்கமிருந்து யாரும் இழுக்கவில்லை. யாரும் தட்டவில்லை.

"என்னங்க" என்று அவள் கூப்பிட்டாள்.

கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை.

உதடு சேர்ந்தது, பிரிந்தது. காற்று போயிற்று. அவ்வளவுதான்.

வெளியே ஒரு பெண்ணின் காலடி. சின்னச் சின்னதாக, அவசரமாக. பதினொன்று.

"இதோ வந்துட்டேங்க," என்றது அவள் குரல்.

"முடிஞ்சுதா?"

"எல்லாம் முடிஞ்சுது. அனுப்பிட்டேன்."

சிரிப்பு. அவள் சிரிப்புதான், நடுவில் மூக்கால் ஒரு முறை இழுக்கிறதுகூட. குவளைகள் மோதின. நாற்காலி ஒன்று இழுபட்டது, இன்னொன்று. ஊர்க்கதை பேசிக்கொண்டு இரண்டு பேர் தேநீர் குடிக்க உட்கார்ந்தார்கள்.

உள்ளே அவர் கதவில் முட்டியால் குத்தினார். தோளால் மோதினார். முட்டி கிழிந்து இரத்தம் வந்தது. அவள் மைக்கை இரண்டு கையாலும் இழுத்து, பல் படும் அளவுக்கு வாய்க்குக் கிட்டே வைத்து, அடிவயிற்றிலிருந்து அலறினாள். மூச்சு தீரும்வரை. மறுபடி. மறுபடி.

திரையில் பச்சைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

பிறகு வெளியே யாரோ எதற்கோ சிரித்தார்கள். கோடு மெல்லத் தலையைத் தூக்கியது.